வீட்டில் கட்டும் டிராக் காருக்கு ஃபைபர் பாடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ஒற்றை இருக்கை டிராக் கார் கட்டினோம். மாருதி 800 எஞ்சின், இரும்புக் குழாயில் வெல்டிங் செய்த சேஸி, மேலே ஃபைபர் பாடி, அதாவது நார்த் துணியை ரெசின் என்ற பிசினில் நனைத்து அடுக்கி இறுக வைத்த பாடி. சேஸியும் எஞ்சினும் எட்டு மாதத்தில் முடிந்தன. பாடிக்கு மட்டும் ஒரு வருடம் பிடித்தது, அதில் முதல் ஆறு மாதம் செய்ததை எல்லாம் தூக்கி எறிந்தோம். அதன் பிறகு கல்லூரி மாணவர்களும் டிங்கர் பட்டறைத் தம்பிகளும் வந்து கேட்ட கேள்விகளையும் நாங்கள் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலோர் முதலில் கேட்பது கார்பனா, கண்ணாடி நாரா என்பதைத்தான். எங்கள் அனுபவத்தில் பாடியின் தரம் துணியில் இல்லை. அச்சு எடுக்க முதலில் செய்யும் உருவமான பிளக்கிலும், ஓரத்திலும், சேஸியில் பிடிக்கும் இடத்திலும் இருக்கிறது. அதனால் அவற்றுக்குத்தான் இங்கே நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

இந்தக் காரை ரோட்டில் ஓட்டலாமா?

கூடாது. பதிவான வண்டியையே தயாரிப்பாளர் சொன்ன அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. நாமே குழாயில் கட்டிய வண்டிக்குப் பதிவே கிடையாது. லாரியில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும். கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சென்னைத் தடம் இருக்கிறது. வண்டி கட்டத் தொடங்கும் முன்பே அங்கே பரிசோதனையில் எதையெல்லாம் பார்ப்பார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோவைத் தடத்துக்குப் பெயர் கொடுத்த கரிவரதன், மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கோவையிலேயே கட்டியவர். 1995-இல் விமான விபத்தில் இறந்தார். நம் ஊரில் இதெல்லாம் ஆகுமா என்று யாராவது கேட்டால் நான் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

தகரத்திலேயே அடித்துவிடலாமே, எதற்கு ஃபைபர்?

அடிக்கலாம். நல்ல டிங்கர் கிடைத்தால் அதுவும் அழகான வேலைதான். எடையைப் பாருங்கள். 0.8 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 6.3 கிலோ. சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள மேட் (கண்ணாடி நார்த் துண்டுகளைப் பரப்பி ஒட்டிய விரிப்பு) இரண்டு அடுக்கு வைத்த ஃபைபர், ஜெல்கோட் (வெளிப்பக்கத்துக்காக அச்சில் முதலில் அடிக்கும் ரெசின் பூச்சு) இல்லாமல், ஏறக்குறைய 3 கிலோ. எங்கள் பாடி மொத்தம் 8 சதுர மீட்டர். தகடு என்றால் 50 கிலோ, ஃபைபர் என்றால் ஜெல்கோட் சேர்த்து 30 கிலோவுக்குள். எடையை விடப் பெரிய லாபம் வேறு இருக்கிறது. மோல்டு (அச்சு) ஒன்று கையில் இருந்தால் உடைந்த மூக்கை அடுத்த வாரம் மறுபடி எடுக்கலாம். 1953-இல் அமெரிக்காவில் கார்வெட் காரை ஃபைபர் பாடியோடு கொண்டு வந்தார்கள். அன்றைக்கு அவர்கள் கையால் செய்த வேலைக்கும் இன்று நம் கொட்டகையில் நடப்பதற்கும் பெரிய தூரம் இல்லை.

மோதினால் ஃபைபர் பாடி காப்பாற்றுமா?

காப்பாற்றாது. உயிரைக் காப்பது குழாய்க் கூண்டு, பெல்ட், இருக்கை, ஹெல்மெட். பாடியின் வேலை காற்றை வழிநடத்துவதும், சக்கரம் வாரி அடிக்கும் கல்லைத் தடுப்பதும்தான். கூண்டில் ஒரு குழாயைக் குறைத்துவிட்டு ‘அங்கேதான் ஃபைபர் கனமாக இருக்கிறதே’ என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

நம் பக்கம் இந்த வேலையை யாரிடம் கற்றுக்கொள்வது?

கடற்கரைக்குப் போங்கள். உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை பக்கம் மீன்பிடிக்கப் போகும் வள்ளங்கள் பல ஃபைபர்தான். கடலில் அடிபட்டு வரும் வள்ளத்தை மணலில் கவிழ்த்து வைத்து, வெயிலுக்கு ஓலைப் பந்தல் போட்டு, அரை நாளில் ஓட்டை அடைப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். நான் இரண்டு வாரம் ஒரு அண்ணாச்சி கூட நின்று பார்த்தேன். முதல் நாள் நான் மேட்டின் மேல் ரெசினை ஊற்றிய ஊற்றைப் பார்த்துவிட்டு, “தம்பி, மேட்ட குடிக்க விடாத. நனஞ்சா போதும்” என்றார். அந்த ஒரு வரியில் பாதித் தொழில் இருக்கிறது. ரெசின் அதிகமானால் பலம் கூடாது. எடை கூடும், விரிசல் விடும். மேட் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ரோலரை வைத்துக் காற்றுக் குமிழியை ஓரத்துக்குத் தள்ளுவதுதான் வேலை.

இன்னொரு இடம் காற்றாலை. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் வட்டாரத்தில் சுற்றும் அந்த இறக்கைகள் எல்லாம் கண்ணாடி நாரும் ரெசினும்தான். கயிற்றில் தொங்கிக்கொண்டு இறக்கையைச் சரிசெய்யும் தம்பிகள் ஒவ்வொரு அடுக்கையும் அளந்து, சரிவாகத் தேய்த்து, எழுதி வைத்து வேலை செய்கிறவர்கள். வள்ளக்காரரிடம் கைவேகம் கிடைக்கும், காற்றாலைக்காரரிடம் ஒழுங்கு கிடைக்கும். இரண்டும் வேண்டும்.

சரி, கார்பனா கண்ணாடியா?

முதல் பாடி கண்ணாடி நாரில் செய்யுங்கள். 200 கிராம் கார்பன் துணி மூன்று அடுக்கு, எப்பாக்ஸி வகை ரெசினோடு, சதுர மீட்டருக்கு 1.1 கிலோ வரும். எங்கள் பாடிக்கு 9 கிலோ. அதாவது 20 கிலோ குறையும். ஆனால் விலை பல மடங்கு. காற்றை உறிஞ்சி அடுக்கை அழுத்தும் வாக்குவம் இல்லாமல் கையால் மட்டும் செய்தால் அந்த எடை வராது. அதைவிட, முதல் பாடியில் நீங்கள் தப்பு செய்வீர்கள். அந்தத் தப்பை 450 கிராம் மேட்டில் செய்வது நல்லது.

கார்பன் செய்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு விஷயம். அலுமினியத்தோடு கார்பன் நேராகத் தொட்டால், ஈரம் சேர்ந்ததும் அலுமினியம் அரித்துப் போகும். நடுவில் ஒரு அடுக்கு கண்ணாடித் துணி வையுங்கள், ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுங்கள். அப்புறம் சாதாரண மேட்டை எப்பாக்ஸியோடு சேர்க்காதீர்கள். மேட்டின் நார்களை ஒட்டி வைத்திருக்கும் பசை, பாலியெஸ்டர் வகை ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையும். எப்பாக்ஸியில் கரையாமல் மேட் விறைப்பாகவே நிற்கும், மூலைக்குள் படியாது. எப்பாக்ஸிக்கு நெய்த துணிதான் சரி.

நெய்த துணியிலும் வகை உண்டு. பத்தமடைப் பாய் மாதிரி ஒன்று மேல் ஒன்று கீழ் என்று நெய்தது தட்டையான இடத்துக்கு நன்றாக இருக்கும். வளைவுக்கு ட்வில் நெசவு (சாய்கோடு தெரியும்படி நெய்தது) வாங்குங்கள், அது உடம்போடு படியும்.

கோபால்ட், கேட்டலிஸ்ட் கலப்பதில் என்ன கவனம்?

இந்தப் பதிலை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பாலியெஸ்டர் ரெசின் இறுக இரண்டு சேர்க்க வேண்டும்: ஊதா நிறக் கோபால்ட், தண்ணீர் மாதிரி இருக்கும் எம்.இ.கே.பி. கேட்டலிஸ்ட். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்டை ரெசினில் ஊற்றி முழுக்கக் கலக்குங்கள். அது முடிந்த பிறகு, வேலை தொடங்கும் நேரத்தில் மட்டும் கேட்டலிஸ்ட். அளக்கும் மூடியும் குச்சியும் இரண்டுக்கும் தனித்தனி. சில ரெசினில் கோபால்ட் முன்பே கலந்து வரும், டின்னில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேட்டலிஸ்ட் ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். வெயில் அதிகம் என்று 10 கிராமுக்குக் கீழே போகாதீர்கள். மெதுவாக இறுகும் என்று நினைப்போம், ஆனால் அது கடைசி வரை முழுதாக இறுகாமல் ரப்பர் மாதிரி நிற்கும். வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றால் விடியற்காலையில் வேலை செய்யுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் அந்த பாட்டிலைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே தண்ணீரில் கழுவத் தொடங்கி, பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்பாடு செய்யுங்கள். ஸ்டைரீன் வாசனைக்குத் துணி மாஸ்க் போதாது, கரி ஃபில்டர் வைத்த மாஸ்க் வேண்டும். தேய்க்கும் போது தூசிக்கு வேறு மாஸ்க். முழுக்கைச் சட்டை. அரிப்பு எடுத்தால் முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீர் ஊற்றினால் தோலின் துளை திறந்து நார் உள்ளே போகும் என்று வள்ளக்காரர்கள் சொல்வார்கள்.

கலந்த ரெசினை வாளியில் குவித்து வைக்காதீர்கள். ஒரு கிலோ ஒரே டப்பாவில் நின்றால் அதன் சூட்டிலேயே புகையும். அகலத் தட்டில் பரப்பினால் நேரம் கூடக் கிடைக்கும்.

நம் வெயிலுக்கும் காற்றுக்கும் எந்த மாதம் நல்லது?

தை, மாசி. காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடித்துவிடுங்கள். சித்திரையிலும் வைகாசியிலும் கொட்டகைக்குள் நாற்பது டிகிரி நிற்கும். 25 டிகிரியில் இருபது நிமிடம் நிற்கும் கலவை, 35 டிகிரியில் பத்து நிமிடம்கூட நிற்காது. பாதி மேட் நனையும் முன் டப்பாவில் அல்வா மாதிரி ஆகிவிடும்.

ஆனி, ஆடியில் வெயில் தணியும், ஆனால் கணவாய் வழியாக வரும் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நமக்குத் தெரியாததா. வெட்டி வைத்த மேட் பறக்கும். அதை விட மோசம் ஈர ஜெல்கோட்டின் மேல் வந்து உட்காரும் தேரி மண் தூசி. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மேட் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ரெசின் ஒட்டாது. அந்த மாதங்களில் பிளக் தேய்க்கும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி, தரையில் தண்ணீர் தெளித்து, தூசி அடங்கிக் காய்ந்த பிறகுதான் ரெசின் டின்னைத் திறப்போம்.

ரெசினை வெயில் படாத இடத்தில் வையுங்கள். சூட்டில் கிடந்த டின் ஆறு மாதம்கூடத் தாங்காது, உள்ளே கட்டி கட்டியாக ஆகிவிடும்.

தெர்மோகோலில் உருவம் செதுக்கி அதன் மேலேயே ஃபைபர் போடலாமா?

பாலியெஸ்டர் ரெசின் பட்டதும் தெர்மோகோல் கண் முன்னாலேயே கரைந்து காணாமல் போகும். ஸ்டைரீன் அதைத் தின்றுவிடும். எங்கள் முதல் மூக்கு அப்படித்தான் போனது. தெர்மோகோல்தான் கிடைக்கிறது என்றால் மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, காய்ந்ததும் எப்பாக்ஸி பெயின்ட் அடித்து மூட வேண்டும். பி.யு. (பாலியூரிதேன்) ஃபோம் கரையாது, செதுக்கவும் சுலபம்.

பிளக் என்பது செய்யப்போகும் பேனலின் நேர் உருவம். அதன் மேல் எடுப்பது மோல்டு. மோல்டுக்குள் எடுப்பது பேனல். பிளக்கில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் பேனலில் அப்படியே வரும். அதனால் பெயின்ட்டர் காருக்குப் பட்டி பார்ப்பது மாதிரியே பாருங்கள். பட்டி, பிறகு உப்புத்தாள், பிறகு வாட்டர் பேப்பர் 400, 800, 1200. இரவில் டியூப் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்தால் மேடு பள்ளம் தெரியும். பகலில் தெரியாது.

உருவம் வரையும் போதே எப்படிக் கழற்றுவோம் என்று யோசியுங்கள். பக்கச் சுவர்கள் நேர் செங்குத்தாக இருந்தால் பேனல் வெளியே வராது. இரண்டு மூன்று டிகிரி சாய்வு கொடுங்கள். குழம்புச் சட்டியில் வாய் குறுகி இருப்பது மாதிரி உள்நோக்கி வளைந்த இடம் இருந்தால், மோல்டை இரண்டு துண்டாக எடுத்து நடுவில் பிளேன்ஜ் (வெளியே நீட்டிய விளிம்பு) வைத்து போல்ட் போட வேண்டும்.

மோல்டில் ஒட்டிக்கொண்டால்?

ஒட்டாமல் இருக்க வழி பொறுமைதான். புது மோல்டுக்கு மோல்டு மெழுகு ஆறு முதல் எட்டு கோட். ஒவ்வொரு கோட்டையும் துடைத்து மெருகேற்றி, ஒரு மணி நேரம் விட்டு அடுத்தது. அதன் மேல் தண்ணீரில் கரையும் பி.வி.ஏ. ஒரு படலம். காருக்குப் போடும் பாலிஷில் சிலிக்கோன் இருக்கும், அதைத் தொடாதீர்கள். ஒட்டிக்கொண்டால் இரும்பு உளி வேண்டாம். மர ஆப்பை ஓரத்தில் செருகி, தண்ணீர் ஊற்றி, பி.வி.ஏ. கரையும் வரை பொறுத்து, ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள்.

ஜெல்கோட் முதலைத் தோல் மாதிரி சுருங்குகிறது. ஏன்?

மெல்லிசாக அடித்திருப்பீர்கள், அல்லது அவசரப்பட்டிருப்பீர்கள். சரியாக இறுகாத ஜெல்கோட்டின் மேல் ரெசின் படும்போது அதன் ஸ்டைரீன் உள்ளே புகுந்து வீங்க வைக்கும். அரை மி.மீ. கனம் வேண்டும், சதுர மீட்டருக்கு 600 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் ஒட்டி வரக் கூடாது. அதுதான் முதல் மேட் வைக்கும் நேரம்.

எத்தனை அடுக்கு வைப்பது?

450 கிராம் மேட் ஒரு அடுக்கு சுமார் ஒரு மி.மீ. மூக்குக்கும் பக்கப் பேனலுக்கும் இரண்டு அடுக்கு. ஜெல்கோட்டை ஒட்டி முதலில் 300 கிராம் மேட் ஒன்று வைத்தால் குமிழி பிடிக்காது. மட்கார்டுக்குள் கல் அடிக்கும், அங்கே மூன்று. மோல்டு என்றால் பேனலைப் போல மூன்று மடங்கு கனம், ஆனால் ஒரே நாளில் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு அடுக்கு. மொத்தமாக வைத்தால் சூடேறிச் சுருங்கி மோல்டு முறுக்கிக்கொள்ளும்.

ஒரு சதுர மீட்டர் 450 மேட்டுக்கு ரெசின் 1.1 கிலோ. இதைத் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். கண்ணளவு வேண்டாம்.

பேனல் தளதளவென்று ஆடுகிறது என்று எல்லோரும் இன்னொரு அடுக்கு வைக்கப் போவார்கள். வேண்டாம். ஓரத்தை 25 மி.மீ. உள்ளே மடித்து எடுத்துப் பாருங்கள். நெளிவில்லாத தகடு ஆடும், முறத்துக்கு விளிம்பு கட்டியதும் நிற்கும். இதுவும் அப்படித்தான். அதன் பிறகும் நடுவில் ஆடினால் பின்பக்கம் பி.யு. ஃபோம் பட்டையை வைத்து அதன் மேல் ஒரு அடுக்கு மேட். பட்டை வைக்கும் முன் பேனல் நன்றாக இறுகியிருக்க வேண்டும், இல்லையென்றால் வெளிப்பக்கம் கோடு தெரியும்.

வெளியே எடுக்க அவசரம் வேண்டாம். ஒரு முழு நாள் மோல்டுக்குள்ளேயே விடுங்கள். முன்னாடியே எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்த எங்கள் பக்கப் பேனல் அந்தச் சாய்விலேயே வளைந்து இறுகிவிட்டது. ஓரத்தை வெட்ட மட்டும் சீக்கிரம் வாருங்கள். தோல் செருப்பு பதத்தில் இருக்கும்போது கத்தியாலேயே வெட்டலாம், தூசியே இருக்காது.

பேனலைச் சேஸியில் எங்கே, எப்படிப் பிடிப்பது?

பாடி வேலையில் பாதி இதுதான். ஆனால் கடைசி வாரத்துக்கு ஒதுக்கிவிடுகிறார்கள்.

முதலில் காரை அதன் உண்மையான நிலையில் நிறுத்துங்கள். சக்கரம் மாட்டி, ஓட்டுபவர் உட்கார்ந்து, எண்ணெய் ஊற்றி. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம், தூக்குக்குண்டு, நூல் போதும். தரையில் நடுக்கோடு இழுத்து, மூக்கின் நடுவை அதற்கு நேராகக் கொண்டு வாருங்கள். கண்ணுக்கு நேராக இருக்கிறது என்று துளை போட்டால், பின்னால் வரும் ஒவ்வொரு பேனலும் அந்தக் கோணலைச் சுமக்கும். பிறகு ஸ்பிரிங்கைக் கழற்றிச் சக்கரத்தை முழுக்க மேலே தூக்கி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அந்த நிலையிலும் 25 மி.மீ. இருக்க வேண்டும்.

பிடிக்கும் முறைக்கு நாங்கள் வைத்திருக்கும் விதி: ஒரு இடத்தில் இறுக்கு, மற்ற இடத்தில் மிதக்க விடு. வளைவில் சேஸி முறுக்கும். வெயிலில் பேனல் நீளும். ஒன்றரை மீட்டர் ஃபைபர் 40 டிகிரி சூடேறினால் ஒன்றரை மி.மீ.க்கு மேல் நீளும், இரும்பு அதில் பாதிகூட நீளாது. எல்லாப் போல்ட்டையும் இறுக்கிக் கட்டினால் அந்த வித்தியாசம் துளையைச் சுற்றி நட்சத்திர வெடிப்பாக வரும். எங்கள் முதல் பாடியில் ஒவ்வொரு துளையிலும் அந்த நட்சத்திரம் இருந்தது. அப்போது நாங்கள் ரெசின் மோசம் என்று நினைத்தோம். தப்பு எங்கள் பிடிமானத்தில்.

அதனால் 6 மி.மீ. போல்ட்டுக்கு 8 மி.மீ. துளை, நடுவில் ரப்பர் வளையம், இரு பக்கமும் 25 மி.மீ. அகல வாஷர். ஓரத்திலிருந்து துளை 20 மி.மீ.யாவது உள்ளே. துளை வரும் இடத்தைப் பேனல் எடுக்கும்போதே நான்கு அடுக்காகக் கனப்படுத்துங்கள். ஒவ்வொரு அடுக்கும் கீழே இருப்பதை விட 20 மி.மீ. சிறிதாக, படிக்கட்டு மாதிரி. ஒரே இடத்தில் முடித்தால் அந்தக் கோட்டில் உடையும்.

துளை இடத்தைக் குறிக்கச் சுலபமான வழி: சேஸி பிராக்கெட்டில் போல்ட்டை மாட்டி, அதன் நுனியில் பெயின்ட் தொட்டு, பேனலை அதன் இடத்தில் வைத்து அழுத்துங்கள். புள்ளி பதியும்.

வெளியே போல்ட் தலை தெரியக் கூடாது என்றால் 40 மி.மீ. வட்டத் தகட்டில் ஏழெட்டு ஓட்டை போட்டு, நடுவில் போல்ட்டை வெல்டிங் வைத்து, பேனலின் உள்பக்கம் 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, மேட்டால் மூடி ஒட்டுங்கள். ரெசின் ஓட்டைகளுக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். மெல்லிய ஃபைபரில் ரிவெட் நட் வைக்காதீர்கள், இரண்டாவது முறை கழற்றும் போது நட்டும் சேர்ந்து சுற்றும். பாப் ரிவெட் வைத்தால் அலுமினியம், பின்னால் வாஷர்.

இரண்டு பேனல் சேரும் இடத்தில், முன்னால் இருப்பது பின்னால் இருப்பதன் மேல் ஏற வேண்டும். ஓடு வேயும்போது மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் உட்காரும் அல்லவா, காற்றுக்கும் அதே கணக்கு.

மூக்கும் பானெட்டும் அடிக்கடி கழற்ற வேண்டியவை. அவற்றுக்கு?

கால் சுற்று ஃபாஸ்னர் அல்லது பானெட் பின். தடத்தில் கையுறை போட்ட கையோடு ஒரு நிமிடத்தில் கழற்ற முடிய வேண்டும். எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். 120 கி.மீ. வேகத்தில் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 68 கிலோ. 160-இல் 120 கிலோ. வேகம் கூடினால் அழுத்தம் அதன் வர்க்கத்தில் கூடும். அத்தனையும் பானெட்டைத் தூக்காது என்றாலும், முன் இடுக்கில் காற்று புகுந்துவிட்டால் தூக்கப் போதுமானது உண்டு. அதனால் முன் ஓரத்தைப் போல்ட் இல்லாமல் நாக்கும் பள்ளமுமாக மூக்குக்குக் கீழே செருகிவிட்டு, பின் ஓரத்திலும் பக்கத்திலும் பின் வைத்தோம். ஃபாஸ்னர் ஒன்று கழன்றாலும் பானெட் ஓட்டுபவர் முகத்துக்கு வராது.

சைலன்சர் பக்கம் பேனல் மஞ்சளாகிறது.

சாதாரண பாலியெஸ்டர் 60, 70 டிகிரியில் தளரத் தொடங்கும். அறைச் சூட்டில் இறுகிய எப்பாக்ஸி அதற்கும் முன்னால். குழாய்க்கும் பேனலுக்கும் 50 மி.மீ. விட்டு, நடுவில் அலுமினியத் தகடு, தகட்டுக்கு இரு பக்கமும் காற்று ஓடும்படி. பேனலிலேயே படலத்தை ஒட்டினால் மட்டும் போதாது. கறுப்பு பெயின்ட் ஆசையையும் விடுங்கள். மத்தியான வெயிலில் கறுப்புப் பேனல் தானாகவே 70 டிகிரிக்கு மேல் போகும்.

பெட்ரோல் டேங்கையும் ஃபைபரிலேயே செய்யலாமா?

வேண்டாம். இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் சாதாரண பாலியெஸ்டரை மென்மையாக்கிவிடும். அலுமினிய டேங்க் வாங்குங்கள்.

பிரேக் லைட் எரியவில்லை!

ஃபைபரில் மின்சாரம் போகாது. ஒவ்வொரு விளக்குக்கும் சேஸிக்கு எர்த் ஒயர் தனியாக இழுங்கள்.

உடைந்தால் எப்படிச் சரிசெய்வது?

தடத்தில் உடைந்தால் டேப் ஒட்டி ஓடுங்கள், ஆனால் தொங்கும் துண்டை வெட்டிய பிறகு. தடத்தில் விழும் சில்லு பின்னால் வருபவரின் டயரைக் கிழிக்கும். வீட்டுக்கு வந்த பிறகு வெடிப்பின் மேல் மேட் ஒட்டுவது பயனில்லை. வெடித்த இடத்தைப் பின்பக்கமிருந்து சரிவாகத் தேயுங்கள், கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலம். 2 மி.மீ. பேனலுக்கு இரு பக்கமும் 24 மி.மீ. அந்தச் சரிவில் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்குங்கள்.

காரை லாரியில் கொண்டு போகும்போது?

பேனல்களைக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள். நாங்கள் ஒருமுறை நேரமில்லை என்று மாட்டியபடியே, இடம் பற்றாததால் காரைப் பின்பக்கம் முன்னால் இருக்கும்படி ஏற்றிவிட்டோம். முன்னிருந்து வரும் காற்றுக்குச் செய்த பாடி, பின்னிருந்து வந்த காற்றைத் தாங்கவில்லை. கயத்தாறு தாண்டும் போது பக்கக் காற்றும் சேர்ந்துகொள்ள, எஞ்சின் மூடி பிய்த்துக்கொண்டு பருத்திக் காட்டில் போய் விழுந்தது. ரோட்டில் பின்னால் யாரும் வராதது எங்கள் நல்ல நேரம். அன்றிலிருந்து பழைய கம்பளியில் சுற்றி, பெல்ட் போட்டு, சேஸி மட்டும் தனியாகத்தான் போகிறது.

மீதி ரெசின், வெட்டிய துண்டுகளை என்ன செய்வது?

கலந்த ரெசின் வெட்ட வெளியில் இறுகட்டும், அதன் பிறகு குப்பை. இறுகாததைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள், எல்லாம் தாமிரபரணிக்குத்தான் போய்ச் சேரும். துண்டுகளை எரிக்காதீர்கள். கேட்டலிஸ்ட் துடைத்த துணி தானாகவே தீப்பிடிக்கும், தண்ணீரில் நனைத்து வெளியே போடுங்கள்.

பேனல் எடுத்த பிறகு மோல்டு எதற்கு?

தூக்கிப் போடாதீர்கள். மெழுகு போட்டு, உள்ளே ஒரு பழுதான பேனலையே விட்டு மூடி, வெயில் படாமல் மட்டமான தரையில் வையுங்கள். காலியாகக் கிடக்கும் மோல்டு நாளாவட்டத்தில் முறுக்கிக்கொள்ளும். உள்ளே பேனல் இருந்தால் வடிவம் நிற்கும். எங்கள் மூக்கு மோல்டில் இதுவரை மூன்று மூக்கு எடுத்திருக்கிறோம். மூன்றாவது, வள்ளியூர்த் தம்பிகள் கட்டிக்கொண்டிருக்கும் காருக்கு. அவர்கள் சேஸி எங்களுடையதை விட 40 மி.மீ. அகலம், அதனால் நடுவில் வெட்டி ஒரு பட்டை சேர்த்துக் கொடுத்தோம். அந்த மூக்கைப் பிளக்காக வைத்து இப்போது அவர்கள் சொந்த மோல்டு எடுக்கிறார்கள்.